சாயம் அடிக்கும் முன் திருப்பிப் பாருங்கள்

உங்கள் காரின் ஓட்டுநர் பக்கக் கதவில், கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொத்தான்கள் பதிந்திருக்கும் பகுதியை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கார் பத்துப் பதினைந்து வயதைத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும். விரல் பிசுபிசுவென்று ஒட்டும். அல்லது சாம்பல் படிந்தது போல வெளுத்த பொடி விரலில் வரும். அல்லது மேலே இருந்த கறுப்பு உரிந்து, அடியில் வேறொரு நிறம் எட்டிப் பார்க்கும். மூன்றையும் நாம் "பிளாஸ்டிக் கெட்டுப்போச்சு" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். மூன்றுக்கும் ஒரே மருந்தாகக் கடையில் ஒரு ஸ்ப்ரே டின் வாங்கி வருகிறோம். சில மாதங்களில் அந்தச் சாயமும் பாம்புச் சட்டை போலக் கழன்று வருகிறது.

இதெல்லாம் வெறும் அழகு விஷயம்தானே என்று நினைக்கலாம். பேரா மாநிலத்தில் அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பிறகு, லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான் என்று பரவின. வீடு ஓரிடம், வேலை ஓரிடம், பிள்ளையின் தமிழ்ப்பள்ளி இன்னோரிடம். பேருந்தை நம்பி இந்த மூன்றையும் ஒரே காலையில் இணைக்க முடியாது. அதனால்தான் அண்ணன் ஓட்டிய கார் தம்பிக்கு வருகிறது, தம்பி ஓட்டியது மருமகனுக்குப் போகிறது. 2009-இல் தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வின்போது, 15 ஆண்டைத் தாண்டிய கார்களுக்குக் கட்டாயச் சோதனை என்று அறிவித்த அரசு, மக்கள் கொதித்தெழுந்ததும் அதைக் கைவிட்டது நினைவிருக்கலாம். பழைய கார் இந்த நாட்டில் ஏழைக் குடும்பத்தின் பிழைப்போடு கட்டப்பட்டது. இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, உள்ளே பிசுபிசுக்கிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக அதை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே பழையதைப் புதுப்பித்து ஓட்டுவதை முழு மனதாக ஆதரிக்கிறேன். ஆனால் சாயத்தைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. அடியில் இருப்பது எந்தப் பிளாஸ்டிக், அதற்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதைச் செய்தவர்களுக்கு, சில துண்டுகளுக்குச் சாயமே வேண்டாம் என்பதும், வேறு சிலவற்றைத் தொடவே கூடாது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

பிசுபிசுப்பு எங்கிருந்து வருகிறது?

பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. வெயிலில் நெடுநேரம் கிடந்த ரப்பர் ஷீட் என்ன ஆகும்? இளகி, கையில் ஒட்டும். ரப்பர் என்பது நீண்ட நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் பின்னல். வெப்பமும் ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து அந்தச் சங்கிலிகளை வெட்டுகின்றன. நீண்ட நூல் துண்டு துண்டானால் துணி எப்படித் துணியாக இருக்கும்? கெட்டியாக இருந்தது பசையாகிவிடுகிறது. செம்பு, மாங்கனீசு போன்ற உலோகங்கள் சிறிதளவு கலந்தாலும் இந்த வெட்டு வேலை வேகமெடுக்கும். ஷீட்டைப் புகைவீட்டில் தொங்கவிட்டதற்குக் காரணம் உலர்த்துவது மட்டுமல்ல. புகையில் இருக்கும் பொருள்கள் பூஞ்சணத்தைத் தடுத்தன, ஆக்சிஜனின் தாக்குதலையும் ஓரளவு தணித்தன. 1877-இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட கோலகங்சாரில் அக்காலத்து மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் பாலுக்கும் உங்கள் காரின் கதவுப் பிடிக்கும் நேரும் கேடு, அடிப்படையில் ஒன்றுதான்: சங்கிலி அறுபடுவது.

காரில் வெட்டுகிற கத்தி மட்டும் வேறு. 1990-களிலும் 2000-களிலும் கார் தயாரிப்பாளர்கள், கடினமான பிளாஸ்டிக்கின் மேல் மெத்தென்ற பாலியூரித்தேன் பூச்சு ஒன்றை விரும்பிப் பூசினார்கள். தொட்டால் தோல் போல, பீச் பழம் போல இருக்கும். மலிவான பிளாஸ்டிக்குக்கு ஒரு பணக்காரச் சட்டை என்று சொல்லலாம். 1937-இல் ஜெர்மனியில் ஒட்டோ பேயர் உருவாக்கிய பாலியூரித்தேன் ஒரே பொருளல்ல, ஒரு பெரிய குடும்பம். அதில் பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்தவற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. காற்றிலுள்ள ஈரம் அதன் எஸ்டர் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். அறுபடும்போது அமிலம் உண்டாகும். அந்த அமிலம் அடுத்த பிணைப்பை இன்னும் விரைவாக அறுக்கும். ஆக, தொடங்கிவிட்டால் நிற்காது.

இதே நாடகத்தை நீங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்குப் போடலாம் என்று பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த காலணி, மண்டப வாசலில் அடிப்பாகம் தூள்தூளாகக் கழன்று விழும். போடாமல் வைத்ததுதானே, எப்படிக் கெட்டது என்று கேட்போம். நடந்ததால் அது கெடவில்லை. நம் காற்றில் எந்நேரமும் நிறைந்திருக்கும் ஈரத்தால் கெட்டது. வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 பாகை செல்சியசையும் தாண்டக்கூடியது. வெப்பமும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்தால் அந்தப் பூச்சுக்கு ஆயுள் எங்கே? மிக விலையுயர்ந்த பெராரி கார்களிலேயே அந்தக் கால உட்புறப் பொத்தான்கள் பிசுபிசுத்து, அவற்றைச் சுத்தம் செய்வதே தனித் தொழிலாகிவிட்டது. மைவி வைத்திருப்பவர் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

இங்கேதான் பெரும்பாலோர் தவறான வழியில் போகிறார்கள். பிசுபிசுக்கும் பூச்சின் மேலேயே புதுச் சாயத்தை அடிக்கிறார்கள். சேற்றின் மேல் சிமெண்டு போட்டால் நிற்குமா? அடியில் உள்ளது இன்னும் சிதைந்துகொண்டிருக்கிறது. மேலே போட்ட சாயத்தின் கரைப்பான் அதை மேலும் இளக்கும். செய்ய வேண்டியது அந்தப் பூச்சை முழுவதுமாக எடுத்துவிடுவது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, பொறுமையாகத் துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். தின்னர் வேகமாக எடுக்கும், உண்மைதான். ஆனால் அடியில் இருக்கும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைத்துவிடும். ஆல்கஹாலையும் முதலில் கண்ணில் படாத மூலையில் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். காரை நிழலில் நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, பக்கத்தில் சிகரெட்டோ அடுப்போ இல்லாமல் செய்யுங்கள். அது எளிதில் தீப்பிடிப்பது.

ஒரு மாலைப் பொழுது போகும். கை வலிக்கும். கடைசியில் அடியிலிருந்து வழுவழுப்பான, உறுதியான, எந்தக் கேடும் இல்லாத பிளாஸ்டிக் வெளிப்படும். பெரும்பாலும் அதுவும் கறுப்போ கருஞ்சாம்பலோதான். என் வேண்டுகோள்: அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எதையும் பூச வேண்டாம். மெத்தென்ற தொடுகை போய்விடும், அவ்வளவுதான். இந்தத் தட்பவெப்பத்தில் அந்தத் தொடுகை நமக்கு வேண்டாத ஆடம்பரம்.

வெளுப்பது வேறு கதை

பொடியாக வெளுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒளி. முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு நெகிழிப் படலம் வைத்து ஒட்டியது. அந்தப் படலம் புற ஊதாக் கதிரை அநேகமாக முழுவதும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் ஒற்றைத் தகடு. அவற்றின் வழியே புற ஊதாவின் ஒரு பகுதி தாராளமாக உள்ளே வரும். அதனால் கதவின் மேல்விளிம்பும் பின்னிருக்கைக்குப் பின்னால் உள்ள தட்டும் முதலில் அடிவாங்குகின்றன. கறுப்புத் துண்டுகள் கூடுதல் நாள் தாங்குவதற்கும் காரணம் உண்டு. டயரில் கலக்கும் அதே கரிக்கருமைதான் பல கறுப்புப் பிளாஸ்டிக்குகளிலும் இருக்கிறது. கதிரைத் தானே விழுங்கிக்கொண்டு சங்கிலியைக் காப்பாற்றுகிறது. வெளிர்ப் பழுப்பு உட்புறத்துக்கு அந்தக் காவல் இல்லை.

வெளுத்த மேல்தோலைப் பார்த்ததும் வீட்டில் சிலர் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். ஒரு வாரம் பளபளக்கும். பிறகு எண்ணெய் காற்றில் கெட்டு, தூசியைப் பிடித்துவைக்கும் பிசினாக மாறும். கடையில் விற்கும் பளபளப்புத் திரவங்கள் பலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. அது எண்ணெயைவிடப் பிடிவாதமானது. சாயம் அடிக்கும்போது சிலிக்கோன் துளி எங்கெல்லாம் மிச்சம் இருக்கிறதோ அங்கெல்லாம் சாயம் விலகி, மீன் கண் போன்ற வட்டக் குழிகள் விழும். ஆகவே சாயம் அடிக்கும் எண்ணம் இருந்தால், இன்றே அந்த டப்பாவை ஓரம் கட்டுங்கள்.

தாமரை இலையும் பம்பரும்

இப்போது உரிந்து போகும் சாயத்துக்கு வருவோம். காரின் உட்புறத்தில் அதிகம் பயன்படும் பிளாஸ்டிக் பாலிபுரோப்பிலீன். இத்தாலியின் கியூலியோ நாட்டா 1954-இல் இதை ஒழுங்கான அமைப்போடு உருவாக்கிக் காட்டினார். கார்ல் சீக்லருடன் 1963-இல் நோபல் பரிசும் பெற்றார். மலிவு, இலேசு, உறுதி, எந்த அமிலத்துக்கும் எளிதில் அசையாது. இந்த அசையாமைதான் சாயம் அடிப்பவருக்கு எதிரி.

வேதியியல் முறையில் பாலிபுரோப்பிலீன் மெழுகுவர்த்திக்கு நெருங்கிய உறவு. இரண்டிலும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. சாயம் ஒரு பரப்பில் ஒட்ட வேண்டுமானால் முதலில் அதன் மேல் பரவ வேண்டும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். பாலிபுரோப்பிலீனின் பரப்பு ஆற்றல் சுமார் 30 மட்டுமே. தன்னைத் தானே இவ்வளவு வலுவாக இழுத்துப் பிடிக்கும் நீர், இவ்வளவு அலட்சியமான பரப்பின் மேல் பரவுமா? தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும். சாயத்தின் கரைப்பான்கள் நீரைவிட நன்றாகப் பரவினாலும், காய்ந்த பிறகு பிடித்துக்கொள்ள அங்கே கொக்கி எதுவும் இல்லை. சீட்டில் ஏறும் பிள்ளையின் காலணி ஒருமுறை உரசினால் போதும்.

ஏ.பி.எஸ். அப்படியல்ல. அதன் பரப்பு ஆற்றல் கூடுதல். சாயத்தின் கரைப்பான் அதன் மேல்தோலைச் சற்றே கடித்துப் பிடிக்கும். வேடிக்கை என்னவென்றால், தின்னர் பட்டால் கெட்டுப்போகும் பிளாஸ்டிக்கில்தான் சாயம் நன்றாக நிற்கிறது. எதற்கும் கெடாத பிளாஸ்டிக்கில் எதுவும் நிற்பதில்லை.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தத் துண்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். முதுகில், இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே எழுத்துகள் அச்சாகியிருக்கும். பிளாஸ்டிக்கைப் பிரித்து மறுசுழற்சி செய்ய வசதியாக ஐ.எஸ்.ஓ. 11469 என்ற அனைத்துலகத் தரம் வகுத்த அடையாளம் அது. பி.பி. என்றால் பாலிபுரோப்பிலீன். அதோடு டி20 என்று இருந்தால் 20 விழுக்காடு டால்க் தூள் கலந்தது. இ.பி.டி.எம். என்று சேர்ந்திருந்தால் அடிபட்டாலும் உடையாமலிருக்கச் செயற்கை ரப்பர் கலந்தது; பம்பர்களிலும் இந்தக் கலவை சாதாரணம். ஏ.பி.எஸ்., பி.சி. கூட்டல் ஏ.பி.எஸ். என்றிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. தண்ணீரில் போட்டு மிதந்தால் பாலிபுரோப்பிலீன், மூழ்கினால் ஏ.பி.எஸ். என்று ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். சுத்தமான பாலிபுரோப்பிலீன் மிதக்கும்தான். டால்க் கலந்தது ஏ.பி.எஸ். அளவுக்கே கனமாகி மூழ்கிவிடும். எழுத்தையே நம்புங்கள்.

பாலிபுரோப்பிலீனுக்குச் சாயம் அடிக்கவே முடியாதா? முடியும். தொழிற்சாலையில் பரப்பை ஒரு கணம் தீச்சுடரிலோ பிளாஸ்மாவிலோ காட்டி, அதில் ஆக்சிஜன் கொக்கிகளை உண்டாக்குவார்கள். வீட்டில் அந்த விளையாட்டு வேண்டாம். அதற்குப் பதிலாக, ஒட்டுதலைக் கூட்டும் பிரைமர் என்று தனியாக விற்கிறார்கள். பாலிபுரோப்பிலீனுக்கு உரியதா என்று டின்னில் பார்த்து வாங்க வேண்டும். அதில் இருப்பது பெரும்பாலும் குளோரின் ஏற்றிய பாலியொலிஃபின். கல்யாணத் தரகர் மாதிரி, ஒரு பக்கம் பாலிபுரோப்பிலீன் வீட்டுக்கும் உறவு, மறுபக்கம் சாயத்து வீட்டுக்கும் வேண்டியவர். கூடவே இருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கின் தோலைச் சற்று உப்பவைக்க, தரகர் அதற்குள் கையை நுழைத்துக்கொள்கிறார். கரைப்பான் பறந்ததும் பிடி இறுகிவிடுகிறது. இந்த ஒரு பூச்சைத் தவிர்த்து மிச்சம் பிடிப்பதுதான், மூன்று மாதத்தில் உரியும் சாயத்தின் கதை.

மற்றபடி வேலை நீங்கள் நினைப்பதைவிட எளிது, நீங்கள் நினைப்பதைவிட மெதுவானது. பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் பிரஷும் கொண்டு, தோல் போன்ற வரிகளுக்குள் இருக்கும் அழுக்கு வரும்வரை தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த பிறகு ஆல்கஹால் துணியால் ஒருமுறை துடையுங்கள். பிறகு நுண்ணிய மணல்தாளால் மினுமினுப்பு மங்கும்வரை மட்டும் இலேசாக உரசுங்கள். பாலிபுரோப்பிலீனை அழுத்தித் தேய்த்தால் பூனை முடி போல இழை கிளம்பும், அதைப் பிறகு மறைக்க முடியாது. சாயத்தை மெல்லிய படலங்களாக, ஒவ்வொன்றுக்கும் இடையே பத்து நிமிடம் விட்டு அடியுங்கள். ஒரே தடவையில் கனமாக அடித்தால் பிளாஸ்டிக்கின் வரிகள் நிரம்பி, சாக்லெட் பூசியது போலாகிவிடும். டேஷ்போர்டின் மேல்பகுதிக்கு மினுக்கும் சாயம் வேண்டவே வேண்டாம். வெயிலில் அது முன்கண்ணாடியில் பிரதிபலித்து, எதிரே வரும் மோட்டார் சைக்கிளை மறைக்கும்.

நேரம் பார்ப்பது முக்கியம். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகல் இடி மழை நமக்குப் பழக்கமானதுதான். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் ஸ்ப்ரே அடித்தால் சாயம் பால் பூத்தது போல வெளுக்கும். கரைப்பான் வேகமாகப் பறக்கும்போது பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனியாகப் படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. காலை பத்து மணிக்கு மேல், வெயில் காய்ந்த நாளில் செய்தால் இந்தத் தொல்லை குறையும். தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் சாயமும் இப்போது கிடைக்கிறது. அது காய்வதைப் பார்த்தால் தோட்டத்துக் கோப்பையில் பால் உறைந்து படலமாவது நினைவுக்கு வரும்: நீரில் மிதக்கும் நுண்துகள்கள், நீர் வற்ற வற்ற நெருங்கி ஒன்றோடொன்று உருகிச் சேர்கின்றன. வாடை குறைவு. ஏ.பி.எஸ். துண்டுகளுக்கு நான் அதையே சிபாரிசு செய்வேன். எந்தச் சாயமானாலும், தொட்டுப் பார்க்கக் காய்வது வேறு, உள்ளே முழுக்கக் கெட்டிப்படுவது வேறு. ஒரு வாரம் வீட்டு வராந்தாவில் கிடக்கட்டும். அவசரப்பட்டு மாட்டினால், வெயிலில் மூடிய காருக்குள் அந்தக் கரைப்பானை உங்கள் குழந்தைதான் சுவாசிக்கும்.

சாயம் நின்றதா என்று தெரிந்துகொள்ளத் தொழில்துறையில் ஐ.எஸ்.ஓ. 2409 என்றொரு சோதனை இருக்கிறது. பரப்பில் பிளேடால் சிறு சதுரக் கட்டங்களாகக் கீறி, ஒட்டும் டேப்பை அழுத்தி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். எத்தனை சதுரம் கையோடு வருகிறது என்று எண்ணுவார்கள். பழைய உதிரிபாகக் கடையில் உடைந்த கதவுப் பட்டை ஒன்று வாங்கி அதில் இதைச் செய்து பாருங்கள். சொந்தக் காரில் கை வைப்பது அதன் பிறகு இருக்கட்டும்.

தொடக்கூடாத துண்டுகள்

ஸ்டீயரிங்கின் நடுமூடியும், பயணி பக்க டேஷ்போர்டும், இருக்கையின் ஓரத்திலும் தூண்களிலும் காற்றுப்பை என்று குறியிட்ட இடங்களும் சாயத்துக்கு உரியவை அல்ல. அந்த மூடிகள் ஒரு குறிப்பிட்ட கோட்டில், குறிப்பிட்ட விசையில் கிழிந்து திறக்க வேண்டும். சில கார்களில் அந்தக் கோடு வெளியே தெரியாது, உட்புறமாகவே மெலிதாக்கியிருப்பார்கள். அதன் மேல் கனமாகச் சாயம் படிந்தாலோ, கரைப்பான் பிளாஸ்டிக்கை நொறுங்கவைத்தாலோ, பை விரியும் அந்தக் கண்ணிமைப் பொழுதில் துண்டுகள் முகத்தில் பாயலாம். பட்டறைக்காரர் "எல்லாத்தையும் ஒரே கலரா அடிச்சுத் தரேன் அண்ணே" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இருக்கைப்பட்டியின் பூட்டுக்குள்ளும் சாயத் துளி போகக்கூடாது.

இதே வெப்பமும் ஈரமும் காற்றுப்பைகளுக்குள் என்ன செய்யும் என்பதை டகாட்டா விவகாரம் உலகுக்குக் காட்டியது. அதன் ஊதுபொறிகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்து சீர்கெட்டது. பை விரிந்தபோது பொறியே வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. மலேசியாவிலும் உயிர்கள் போயின. பழைய காரை இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்புக் கடிதம் போய்ச் சேராமலிருக்க வாய்ப்பு அதிகம். உட்புறத்துக்குச் சாயம் அடிக்கக் காசு ஒதுக்கும் முன், உங்கள் காரின் சட்டக எண்ணைக் கொடுத்து விநியோகஸ்தரிடம் விசாரியுங்கள். திரும்பப் பெறும் பட்டியலில் இருந்தால் ஊதுபொறியை இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 1985-இல் முதல் சாகா வந்ததிலிருந்து நம் நாடு கார் செய்கிறது. 2003 முதல் நம் பேராவிலேயே, தஞ்சோங் மாலிமில் புரோட்டோனின் ஆலை ஓடுகிறது. ஐரோப்பியக் குளிருக்கு ஏற்ற பூச்சை இங்கே விற்கும் காருக்குப் பூச வேண்டிய கட்டாயம் எந்த நிறுவனத்துக்கும் இல்லை. ஈரத்தைத் தாங்கும் பாலியீத்தர் வகைகள் உண்டு. பூச்சே இல்லாமல், வரியிட்ட பிளாஸ்டிக்கை அப்படியே விட்டாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஐந்தாண்டு உத்தரவாதம் முடிந்த பிறகு பிசுபிசுப்பது வாங்கியவரின் தலைவிதி என்று விடுவது நியாயமில்லை.

அந்த இளைஞரின் நுரையீரல்

இவ்வளவு பொறுமை எனக்கில்லை, பட்டறையிலேயே கொடுத்துவிடுகிறேன் என்பவர்கள் நிறையப் பேர். தவறில்லை. ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒடுக்கெடுத்துச் சாயம் அடிக்கும் சிறிய பட்டறைகள் நம் இளைஞர்கள் பலருக்குச் சோறு போடுகின்றன. ஆனால் அங்கே ஒரு விஷயம் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நீடித்து நிற்கும் சாயம் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பாகமாகக் கலக்கும் சாயத்தை எடுப்பார்கள். இரண்டாம் பாகமான கெட்டிப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது. சாயம் கல்லைப் போல இறுகுவதற்குக் காரணமும் அதுவே. அதன் நுண்துளிகளைச் சுவாசிப்பவருக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத் திணறலைக் கிளப்பப் போதும். தொழிலையே விட வேண்டியதுதான். அதற்கு மணமும் எச்சரிக்கையாக இருக்காது. மூக்கில் உறைக்கும் அளவுக்கு வந்துவிட்டால் ஏற்கெனவே வரம்பு மீறிவிட்டது என்று அர்த்தம். இதற்கு வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசம் வேண்டும். நம் பையன்கள் போட்டிருப்பது பெரும்பாலும் மருத்துவமனையில் தரும் நீல நிறத் துணி. சிலருக்கு அதுவும் இல்லை, பனியனைத் தூக்கி மூக்கில் கட்டியிருப்பார்கள். இப்போது இரண்டு பாகமும் ஒரே ஸ்ப்ரே டின்னில் அடைத்தும் வருகிறது. அடியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கலந்துகொள்ளும். வீட்டு வாசலில் அதை அடிக்கலாம் என்று நினைப்பவர்களை மன்றாடிக் கேட்கிறேன், அதை வாங்காதீர்கள். கதவுப் பட்டைக்கு ஒரு பாகச் சாயம் போதும்.

தோட்டத்தில் நம் அம்மாக்களும் அத்தைகளும் முதுகில் தொட்டியைச் சுமந்து, முகத்தில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு களைக்கொல்லி தெளித்தார்கள். அந்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட் இந்த நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 2020 ஜனவரி 1 முதல்தான். அவர்களின் பிள்ளைகள் தோட்டத்தை விட்டு வந்து, வேறொரு புகையில் அதே துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. வேலையிடத்தில் அபாய ரசாயனங்களைக் கையாள்வதற்கான விதிமுறைகள் 2000-லேயே வந்துவிட்டன. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முன்பு குறிப்பிட்ட சில துறைகளுக்கு மட்டுமே இருந்தது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த பிறகு, நாட்டின் அநேகமாக எல்லா வேலையிடங்களும் அதற்குள் வந்துவிட்டன. இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறையும் அதில் அடக்கம். தொழிலாளியின் மூச்சுக்கு முதலாளி பொறுப்பு. சிறு முதலாளிகளுக்கு இதெல்லாம் செலவு என்று தெரியும். அதனால்தான் வாடிக்கையாளரும் இதில் வாய் திறக்க வேண்டும் என்கிறேன். இன்னும் ஐம்பது ரிங்கிட் குறைத்துத் தரச் சொல்லிப் பேரம் பேசும் நாம், அந்த ஐம்பது ரிங்கிட் யாருடைய நெஞ்சிலிருந்து குறைகிறது என்றும் பார்க்க வேண்டாமா?

அபாய ரசாயனம் உள்ள டின்களின் மேல் மலாயிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் விதி. அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது, எந்தச் சாயம் அடிக்கப்போகிறீர்கள் தம்பி என்று கேட்டு, அந்த டின்னைக் கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். ஐசோசியானாட் என்ற மலாய்ச் சொல் இருந்தால் அதை அவருக்கும் காட்டுங்கள். காற்றுக் குழாயோடு கூடிய முகக்கவசம் அங்கே இல்லையென்றால், ஒரு பாகச் சாயத்தையே அடிக்கச் சொல்லுங்கள்.